மாற்றிக்கொண்டதில் இலாபம் யாருக்கு?



2012ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலவைக் கூட்டம் ஒன்று நடந்தது. நிகழ்ச்சி நிரலில் கழிப்பறைக் கூரை, புத்தகக் கடன், பரிசளிப்பு விழா என்று என்னென்னவோ இருந்தன. பேசப்பட்டது ஒன்றே ஒன்றுதான். ஆறாம் ஆண்டுக்குக் கணிதம் கற்பித்துவந்த ஆசிரியை மாறிப் போகிறார் என்ற செய்தி. "சுகா சாமா சுகா" என்று நம் நாட்டில் சொல்வோமே, இரண்டு ஆசிரியர்கள் மனமொத்து ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவது, அந்த முறையில் அவர் விண்ணப்பம் செய்திருந்தார். அவ்வாண்டின் நடுவில்தான் அவருக்குத் திருமணமாகியிருந்தது. கணவருக்கு ஜொகூரில் வேலை. அங்கே பணியாற்றிய இளம் ஆசிரியை ஒருவர், வயதான தாயாரின் அருகில் இருக்கவேண்டி எங்கள் மாவட்டத்துக்கு வர விரும்பினார். இருவருக்கும் பொருந்திப்போயிற்று.

பெற்றோருக்குத்தான் பொருந்தவில்லை. ஒரு தந்தை எழுந்து, "யாரைக் கொடுக்கிறோம், யாரை வாங்குகிறோம்னு கணக்குப் பாருங்க ஐயா. நாமதான் ஏமாந்துட்டோம்" என்றார். ஓர் அம்மா, "மாப்பிள்ளைக்கு இங்கயே ஒரு வேலை பார்த்துக் கொடுத்திருக்கலாமே" என்று பாதி விளையாட்டாகவும் பாதி கோபமாகவும் சொன்னார். மாற்றத்தை நிறுத்தக் கோரி ஒரு மனு எழுதப்பட்டது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

அன்றிரவு வீட்டுக்கு வந்து ஒரு பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். என் தம்பி கனடாவில் படித்த காலத்தில் எழுதிய நீலநிற வான்கடிதங்கள் அதில் இருக்கின்றன. எட்மண்டன் என்ற ஊரில், அல்பெர்டா பல்கலைக்கழகத்தில் படித்தான். 1988 ஆகஸ்டு மாதத்துக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "அண்ணா, இந்த ஊரே துக்கவீடு போல இருக்கிறது. உணவகத்தில் தட்டுக் கழுவும் கிழவி அழுகிறாள். யாரும் சாகவில்லை. ஓர் ஆட்டக்காரனை விற்றுவிட்டார்கள்" என்று தொடங்கும் கடிதம் அது.

நம்மவர்களுக்கு ஹாக்கி என்றால் திடலில் ஆடுவது. சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் நினைவுக்கு வரும். கனடாவில் ஹாக்கி என்றாலே பனிக்கட்டித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து ஆடுவதுதான். பந்துக்கு மாறாக ரப்பர் வட்டு. அந்நாட்டிலும் அமெரிக்காவிலுமாகச் சேர்ந்து நடக்கும் தொழில்முறைப் போட்டியில் 1988இல் 21 அணிகள் இருந்தன. வெல்லும் அணிக்கு ஸ்டான்லி கிண்ணம். எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் அதை வென்றிருந்தது. அணித்தலைவர் வேய்ன் கிரெட்ஸ்கி. அந்த ஆட்டத்தில் ஒருவர் கோல் போட்டாலும் ஒரு புள்ளி, கோலுக்கு உதவியாக வட்டைக் கடத்திக் கொடுத்தாலும் ஒரு புள்ளி. 1985-86 பருவத்தில் கிரெட்ஸ்கி எடுத்தவை 215 புள்ளிகள். அந்த எண்ணை இன்றுவரை எவரும் எட்டவில்லை.

அந்த மனிதரை 1988 ஆகஸ்டு 9ஆம் நாள் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருடன் மார்ட்டி மெக்சார்லி, மைக் குருஷெல்னிஸ்கி என்ற இருவரும் போனார்கள். எதிரே வந்தவை இவை: ஜிம்மி கார்சன் என்ற இருபது வயது ஆட்டக்காரர், அவ்வாண்டு ஜூனில்தான் கிங்ஸ் தேர்ந்தெடுத்திருந்த பதினெட்டு வயது மார்ட்டின் ஜெலினா, 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதற்சுற்று உரிமைகள் மூன்று, அவற்றோடு ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர்.

செய்தியாளர் கூட்டத்தில் கிரெட்ஸ்கி பேசமுடியாமல் கண்ணீர் விட்டார். எட்மண்டன் மக்கள் அணி உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டனின் கொடும்பாவியைக் கொளுத்தினார்கள். நெல்சன் ரீஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அரசாங்கமே தலையிட்டு இதைத் தடுக்கவேண்டும் என்று கேட்டார். (எங்கள் மனு மாவட்டக் கல்வி அலுவலகத்தோடு நின்றுவிட்டது!) பலருடைய கோபம் கிரெட்ஸ்கியின் மனைவி ஜேனட் ஜோன்ஸ் மீதும் பாய்ந்தது. அமெரிக்க நடிகையான அவருக்கும் கிரெட்ஸ்கிக்கும் எட்மண்டனில் திருமணம் நடந்தது ஜூலை 16ஆம் நாள். ஒரு மாதம் முடிவதற்குள் கணவரை அமெரிக்காவுக்கு இழுத்துப் போய்விட்டார் என்று பழி. மாப்பிள்ளைக்கு இங்கேயே வேலை பார்த்துக் கொடுத்திருக்கலாம் என்று எங்கள் கூட்டத்தில் சொன்ன அம்மாவை நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். யாருக்கு இலாபம்?

முதல் ஆண்டைப் பார்த்தால் ஐயத்துக்கே இடமில்லை. 1987-88இல் 68 புள்ளிகளோடு பட்டியலின் அடிவாரத்தில் கிடந்த கிங்ஸ், அடுத்த பருவத்தில் 91 புள்ளிகள் எடுத்தது. 99 புள்ளிகள் எடுத்திருந்த ஆயிலர்ஸ் 84க்கு இறங்கியது. 1989 ஏப்ரலில் இரண்டு அணிகளும் முதற்சுற்றில் நேருக்கு நேர் மோதின. எட்மண்டன் 3-1 என முன்னணியில் இருந்தது. அடுத்த மூன்று ஆட்டங்களையும் லாஸ் ஏஞ்சலஸ் வென்று, முந்தைய ஆண்டின் வெற்றியாளர்களை வீட்டுக்கு அனுப்பியது. கிரெட்ஸ்கி அப்பருவத்தில் 54 கோல்களும் 114 உதவிகளுமாக 168 புள்ளிகள் எடுத்தார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. தம்பி அந்த மாதம் எழுதிய கடிதத்தில் நான்கே வரிகள்.

ஒரே ஆண்டு கழித்துப் பாருங்கள். 1990இல் மீண்டும் இரு அணிகளும் மோதின. இம்முறை எட்மண்டன் நான்கு ஆட்டங்களையும் வென்றது. அதோடு நில்லாமல், இறுதிச் சுற்றில் பாஸ்டனை 4-1 என வீழ்த்தி ஸ்டான்லி கிண்ணத்தையும் ஐந்தாவது முறையாகத் தூக்கியது. கிரெட்ஸ்கி இல்லாமல்! கிரெட்ஸ்கியோ அதன்பின் 1999இல் ஓய்வுபெறும்வரை ஒரு முறைகூட அக்கிண்ணத்தை வெல்லவில்லை. 1993இல் கிங்ஸ் இறுதிச் சுற்றுவரை போய் மொந்திரியாலிடம் தோற்றது. அதுவே அவர்கள் எட்டிய உயரம்.

அப்படியானால் எட்மண்டனுக்குத்தான் இலாபமா? பலகாலம் நான் அப்படித்தான் வாதிட்டு வந்தேன். தம்பியிடம் தொலைபேசியில் சண்டையே போட்டிருக்கிறேன். அவன் ஒரு கேள்வி கேட்டான். "அண்ணா, அந்தக் கிண்ணத்தை வென்றது வாங்கியவர்களாலா, மிஞ்சியவர்களாலா?"

நியாயமான கேள்விதான். 1990இல் அணித்தலைவராக இருந்து ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற மார்க் மெஸ்ஸியே, கிரெட்ஸ்கியோடு வளர்ந்தவர். யாரி குர்ரி, கெவின் லோ, கிளென் ஆண்டர்சன் எல்லாரும் பழைய வீட்டுப் பிள்ளைகள். மூன்று தேர்வு உரிமைகளின் கதையோ சிரிப்புக்கிடமானது. 1989ஆம் ஆண்டுக்குரியதை வேறோர் அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். 1991இல் மார்ட்டின் ருச்சின்ஸ்கி என்ற நல்ல ஆட்டக்காரர் கிடைத்தார். அவரும் எட்மண்டனில் நிலைக்கவில்லை. 1993இல் கிடைத்தவர் அந்த அணிக்காக ஆடியது இரண்டே ஆட்டங்கள். ஒன்றரைக் கோடி டாலர் பனித்தளத்தில் இறங்கி ஆடவில்லை. அது பாக்லிங்டனின் கைக்குப் போயிற்று. அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. சில ஆண்டுகளில் ஒப்பந்தம் முடிந்து கிரெட்ஸ்கி தம் விருப்பப்படி வெளியேறும் நிலை வரக்கூடும். அப்போது கைக்கு ஒன்றும் வராது. வியாபாரி அப்படித்தான் எண்ணுவார். ஆனால் எட்மண்டன் "பெற்றது" என்று நாம் எழுதும்போது, அந்தப் பணத்தை எந்த எட்மண்டனின் பேரேட்டில் வரவு வைப்பது? பனிக்காலத்தில் வரிசையில் நின்று நுழைவுச்சீட்டு வாங்கியவரின் பேரேட்டிலா?

பிறகு மிஞ்சியவர்களும் போனார்கள். 1991இல் மட்டும் மெஸ்ஸியே நியூயார்க்குக்கு, ஆண்டர்சனும் கோல்காவலர் கிரான்ட் ஃபியூரும் டொராண்டோவுக்கு. 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் எட்மண்டன் முதற்சுற்றுக்கே தகுதிபெறவில்லை. 1990க்குப் பிறகு 2006, 2024, 2025 என மூன்று முறை இறுதிச் சுற்றுவரை சென்று மூன்றிலும் தோற்றிருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸின் பக்கத்தையும் முழுதாகப் புரட்டவேண்டும். பனியே பெய்யாத ஊரில் பனிக்கட்டி ஆட்டம் பார்க்க நடிகர்களும் நடிகைகளும் வந்து அமர்ந்தார்கள். 1991இல் சான் ஹோசே, 1993இல் அனாஹைம் என்று கலிபோர்னியாவில் மேலும் இரண்டு அணிகள் பிறந்தன. கிரெட்ஸ்கி வராவிட்டால் இவ்வளவு விரைவில் இது நடந்திருக்காது என்பதே என் எண்ணம். ஆனால் அவரை வாங்கிய உரிமையாளர் புரூஸ் மெக்நால் வங்கிகளை ஏமாற்றிய குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 1995இல் அணி திவால் நிலைக்கு வந்தது. 1996 பிப்ரவரியில் கிரெட்ஸ்கியையே செயின்ட் லூயிஸ் அணிக்குக் கொடுத்தார்கள். கிங்ஸ் தன் முதல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 2012 ஜூனில். எங்கள் ஆசிரியைக்குத் திருமணம் நடந்த அதே ஆண்டு. கிரெட்ஸ்கி வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த வெற்றியைப் பழைய மாற்றத்தின் வட்டி என்று எழுதலாமா? சில இரசிகர்கள் எழுதுகிறார்கள். எனக்கு அது கொள்ளுப்பாட்டனின் நிலத்துக்கு இன்று உரிமை கோருவது போலப் படுகிறது.

கணக்கை எந்த ஆண்டில் மூடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறுகிறது. ஆட்டத்தை மட்டும் பார்த்து 1990இல் மூடினால் எட்மண்டன். அரங்கையும் ஊரையும் விளையாட்டின் பரவலையும் சேர்த்து 1993இல் மூடினால் லாஸ் ஏஞ்சலஸ். என் தீர்ப்பைக் கேட்டால், கிங்ஸே கூடுதலாகப் பெற்றது என்பேன். கிண்ணம் வெல்லாமலேயே! இல்லாத ஒன்று அங்கே உண்டாயிற்று. எட்மண்டன் இருந்ததைச் செலவழித்து ஒரு கிண்ணம் வென்றது. என் தம்பி இதற்கு உடன்படமாட்டான். அவனுக்கு அது இலாபநட்டக் கணக்கே இல்லை, திருட்டு.

இத்தனை ஆண்டுகள் இப்படி எடைபோட்டுக் கொண்டிருந்த நான், தராசின் மற்றத் தட்டில் வைக்கப்பட்ட ஒருவரைச் சரியாகப் பார்க்கவில்லை. ஜிம்மி கார்சன்.

அவர் சாதாரண ஆட்டக்காரரல்லர். லாஸ் ஏஞ்சலஸில் 1987-88 பருவத்தில் 55 கோல்கள் போட்டவர். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. அந்த வயதில் அத்தனை கோல்கள் போட்டவர்கள் மிகச் சிலர். எட்மண்டனுக்கு வந்த முதல் ஆண்டிலும் சோடைபோகவில்லை. 49 கோல்கள், 51 உதவிகள், சரியாக 100 புள்ளிகள். கவனியுங்கள், கிரெட்ஸ்கி எட்மண்டனில் ஆடிய கடைசிப் பருவத்தில் காயம் காரணமாகச் சில ஆட்டங்களைத் தவறவிட்டு எடுத்தவை 40 கோல்கள். கோல் கணக்கில் மட்டும் பார்த்தால் புதியவர் பழையவரை மிஞ்சியிருக்கிறார். வேறெந்த ஊராக இருந்தாலும் இருபது வயதுப் பையன் நூறு புள்ளிகள் எடுத்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பார்கள். எட்மண்டனில் அவர் ஒவ்வோர் இரவும் கிரெட்ஸ்கி அல்லாதவராகவே பனித்தளத்தில் இறங்கினார். அரங்கின் வாசலில் 1989 ஆகஸ்டில் கிரெட்ஸ்கிக்குச் சிலையும் வைத்துவிட்டார்கள். வேலைக்கு வரும் வழியில் தமக்கு முன்னிருந்தவரின் சிலையைக் கடந்து வருவது எப்படி இருந்திருக்கும்?

அடுத்த பருவத்தில் நான்கே ஆட்டங்கள் ஆடிவிட்டு, இனி இங்கு ஆடமாட்டேன் என்று கார்சன் விலகிக்கொண்டார். 1989 நவம்பர் 2ஆம் நாள், எட்மண்டன் அவரையும் மற்றொருவரையும் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்தது. அது அவர் பிறந்து வளர்ந்த வட்டாரம். மாற்றாக வந்த நால்வரில் பீட்டர் கிளீமா, ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ் மூவரும் 1990 கிண்ணத்தில் பங்குடையவர்கள். இறுதிச் சுற்றின் முதல் ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம்வரை நீண்டது. நெடுநேரம் பெஞ்சிலேயே உட்காரவைக்கப்பட்டிருந்த கிளீமா இறங்கி வெற்றிக் கோலைப் போட்டார். மர்ஃபியும் கிரேவ்ஸும், கிரெட்ஸ்கிக்கு ஈடாக வந்த அந்தப் பதினெட்டு வயது ஜெலினாவோடு ஒரே வரிசையில் ஆடினார்கள். ஆகவே கணக்குப்படி கார்சன் எட்மண்டனுக்குப் பெரும் இலாபம். அவர் ஆடியதைவிட விலகியதில் வந்த இலாபம். இதை அவரிடம் யாராவது வாழ்த்தாகச் சொல்லியிருப்பார்களா? 1993 ஜனவரியில் வேறொரு மாற்றத்தில் அவர் லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பி வந்தார். இறுதிச் சுற்றுவரை போன அந்தக் கிங்ஸ் அணியில், யாருக்கு ஈடாக அனுப்பப்பட்டாரோ அவரோடு ஒரே உடைமாற்றும் அறையில் இருந்தார்.

எங்கள் மனுவால் எதுவும் நிற்கவில்லை. 2013 ஜனவரியில் புதிய ஆசிரியை வந்துசேர்ந்தார். போகிறவர் தம் அலமாரியைக் காலிசெய்ய வந்தபோது என்னிடம், "ஐயா, உங்க கையெழுத்தையும் பார்த்தேன். சந்தோஷமாவும் இருந்துச்சு, கஷ்டமாவும் இருந்துச்சு" என்றார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

வந்தவர் நன்றாகக் கற்பித்தார். பின்னங்களை விளக்க வண்ண அட்டையில் வட்டங்கள் வெட்டி, ஒவ்வொன்றையும் பாதி, கால், அரைக்கால் என்று பிரித்து வைத்திருந்தார். பிள்ளைகள் அவற்றை அப்பளம் என்பார்கள். முதல் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வில் கணிதத்தில் முந்தைய ஆண்டைவிட ஏ இரண்டு குறைந்தது. தேர்வெழுதிய மாணவர் எண்ணிக்கையும் ஆறு குறைவு என்பதை எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. பெற்றோர் அவரைத் திட்டவுமில்லை. பள்ளிக்கு வருவார்கள், சிரிப்பார்கள், "பழைய டீச்சர் சனிக்கிழமையும் வகுப்பு வைப்பாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் சிற்றுண்டிச் சாலையில் என் எதிரே தேநீரோடு அமர்ந்து, "ஐயா, அவங்க எப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க? அவங்க பாடக்குறிப்பு ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குங்களா?" என்று கேட்டார். நான் இரண்டு கோப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். உதவி செய்துவிட்டதாகவே அன்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டே ஆண்டுகளில் அதே மாவட்டத்தில் வேறொரு பள்ளிக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். தாயாரின் வீட்டுக்கு எங்கள் பள்ளிதான் அருகில். புதிய பள்ளி இன்னும் பதினைந்து கிலோமீட்டர் தொலைவு. விண்ணப்பத்தில் காரணம் "சொந்த விருப்பம்" என்றிருந்தது. எவரும் மனு எழுதவில்லை.

அவருக்கு ஈடாக ஒருவரும் உடனே வரவில்லை. ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆறாம் ஆண்டுக் கணிதத்தை நானே எடுத்தேன். நான் தமிழாசிரியன், பின்னம் என்றால் எனக்கே கொஞ்சம் வியர்க்கும். அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய காலணிப் பெட்டி ஒன்றில் அந்த அட்டை வட்டங்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றின் பின்புறமும் எப்படிக் கேள்வி கேட்கவேண்டும், பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று பொடி எழுத்தில் எழுதிவைத்திருந்தார். கால் வட்டம் ஒன்று மட்டும் காணவில்லை. ஒரு பையனிடம் கத்தரிக்கோலைக் கொடுத்துப் புதிதாக வெட்டச் சொன்னேன்.